படபடப்பாக வந்த தாழ்சர்க்கரை: லெவோஃப்ளாக்சசின், கிளிமிபிரைடு சேர்ந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

சர்க்கரை மாத்திரை சாப்பிடும் ஒருவர், ஆன்டிபயாட்டிக் எடுக்கும் அந்த ஒரு வாரத்தில் "படபடன்னு வருது, பயமா இருக்குது" என்று சொன்னால், அதற்குப் பதட்டம் என்று பெயர் வைக்கும் முன் விரல் நுனியில் குத்தி சர்க்கரையைப் பார்க்க வேண்டும். கழுவித் துடைத்த விரலில் குத்திப் பார்க்க வேண்டும். இந்த நிகழ்வில் பிசகியது அந்த இடத்தில்தான். (கொங்குப் பகுதியில் இப்படி வருகிற பலரிடம் காணும் போக்கு, கற்றுக்கொள்வதற்காக இங்கே ஒரே நோயாளியாகத் தொகுக்கப்பட்டிருக்கிறது.)

நோயாளியும் அவர் மருந்துகளும்

கோபிக்கும் பவானிக்கும் நடுவே, கவுந்தப்பாடிப் பக்கம் கரும்புத் தோட்டக் குடும்பம். 66 வயது அம்மா, எடை 52 கிலோ. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்கு முன் ஒரு கூட்டு மாத்திரை: கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி., வாக்லிபோஸ் 0.2 மி.கி. மூன்றும் ஒரே மாத்திரைக்குள். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40 மி.கி. முட்டி வலி வரும்போதெல்லாம் மருந்துக் கடையில் வாங்கிய அசிக்ளோஃபினாக்.

கோப்பில் இரண்டு பழைய எண்கள் இருந்தன. ஒன்று, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 6.5. பார்க்க நன்றாக இருக்கும் எண்தான். ஆனால் 66 வயதில், ஒரு நாளைக்கு 4 மி.கி. கிளிமிபிரைடு போட்டு இந்த எண் வருகிறதென்றால், சர்க்கரை ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது என்று பொருள். இன்னொன்று, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) 1.3. "கொஞ்சந்தான் ஜாஸ்தி" என்று எல்லாரும் தாண்டிப் போகும் எண் இது. சிறிய உடம்புள்ள முதியவரிடம் இதன் எடை வேறு. சிறுநீரகத்தின் வடிதிறனைக் கணக்கிட, 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72-ஐ கிரியாட்டினினால் பெருக்கி வருவதால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். 74 × 52 ÷ 93.6 × 0.85. நிமிடத்துக்கு ஏறக்குறைய 35 மி.லி. மட்டுமே. இந்தக் கணக்கை யாராவது அன்றைக்குப் போட்டிருந்தால் மருந்தின் அளவே மாறியிருக்கும்.

நடந்தது

திங்கள் மாலை. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி போகும் உணர்வு. காய்ச்சல் இல்லை, விலாவில் வலி இல்லை. கிளினிக்கில் சர்க்கரை 262. கிருமித் தொற்று வந்தால் சர்க்கரை ஏறுவது வழக்கம். லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் 500 மி.கி. தினம் ஒன்று, ஐந்து நாளைக்கு. சர்க்கரை மாத்திரையை விடாமல் போடச் சொன்னார்கள். அன்றிரவே முதல் மாத்திரை.

செவ்வாய்க்கிழமை வாயெல்லாம் கசப்பு. காலையில் ஒரு இட்லி, மத்தியானம் இரண்டு வாய் அரிசியும் பருப்பும் சாதம், இரவுக்கு ஒரு டம்ளர் மோர். சர்க்கரை மாத்திரை மட்டும் இரண்டு வேளையும் முழுசாக உள்ளே போயிற்று.

புதன் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டார். கை நடுக்கம், வேர்வை. "நெஞ்சு திக்குதிக்குனு அடிச்சுக்குது கண்ணு, என்னமோ ஆகப் போவுதாட்ட இருக்குது" என்று மகனிடம் சொன்னார். மருமகள் நாட்டுச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். அம்மா அதற்குள் டப்பாவில் கை விட்டு ஒரு பிடி எடுத்து வாயிலும் போட்டுக்கொண்டார். பிறகுதான் மகன் குளுக்கோமீட்டரை எடுத்து, அதே கையின் விரலில் குத்தினார். 131. "சுகர் நல்லாத்தானுங்க அத்தை இருக்குது, பயந்துக்காதீங்க" என்று மருமகள் தேற்றினார். அரை மணியில் கொஞ்சம் அடங்கியது.

காலையில் மறுபடி கிளினிக். நாடித்துடிப்பு 112, அழுத்தம் 160/90, ஈசிஜி-யில் கவலைப்பட எதுவும் இல்லை. "ராத்திரி சுகர் 131 இருந்துச்சுங்க" என்று வீட்டார் சொன்னதால் அங்கே மறுபடி குத்திப் பார்க்கவில்லை. பதட்டம் என்று முடிவாகி, நெஞ்சுத் துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்தான புரோப்ரனலால் 20 மி.கி. இரண்டு வேளை, தூக்கம் தரும் அல்பிரசோலம் 0.25 மி.கி. இரவில் என்று எழுதப்பட்டது. லெவோஃப்ளாக்சசினும் சர்க்கரை மாத்திரையும் தொடர்ந்தன.

வியாழன் விடியற்காலை மூன்று மணிக்கு மருமகள் பார்த்தபோது நடுக்கம் இல்லை, படபடப்பு இல்லை. ரவிக்கையும் தலையணையும் நனைந்திருந்தன. பேச்சு குழறியது; மகனை வேறு யாரோ என்று நினைத்துப் பேசினார். தூக்க மாத்திரையின் வேலையாக இருக்கும் என்று முதலில் தோன்றியிருக்கிறது. வேர்வையைத் துணியால் துடைத்து, இந்த முறை கையையும் துடைத்துக் குத்தியபோது மீட்டர் காட்டியது 38. உடனே 108-க்கு அழைத்தார்கள்.

131 எங்கிருந்து வந்தது

குளுக்கோமீட்டர் பார்ப்பது ஒரு சொட்டு ரத்தத்துக்கும் குறைவு. விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துகள் அந்தச் சொட்டில் கரைந்தால் எண் எங்கேயோ போய்விடும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், பழம் தொட்ட விரல் எல்லாம் இதையே செய்யும். நாட்டுச் சர்க்கரையில் பெரும்பகுதி சுக்ரோஸ் என்றாலும் பிரிந்த குளுக்கோஸும் சிறிது உண்டு. ஸ்ட்ரிப்பை ஏமாற்ற அதுவே போதும். ஸ்பிரிட் பஞ்சால் லேசாக ஒற்றினால் இது போகாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். கழுவ நேரமில்லை என்றால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டில் பார்க்கலாம். அறிகுறியும் எண்ணும் ஒத்துப்போகாத நேரத்தில் வேறு கை, வேறு விரல், இன்னொரு ஸ்ட்ரிப். ஒரு ஸ்ட்ரிப்பின் விலையைப் பார்க்கும் நேரமல்ல அது.

இரண்டாவது சிக்கல் வாக்லிபோஸ். சுக்ரோஸைக் குடலில் குளுக்கோஸாகப் பிரிக்கும் நொதியைத் தடுப்பதுதான் அந்த மருந்தின் வேலை. அதைப் போட்டிருப்பவருக்குச் சர்க்கரை இறங்கும்போது நாட்டுச் சர்க்கரையோ, வெள்ளைச் சர்க்கரையோ, கருப்பட்டியோ, மிட்டாயோ கொடுத்தால் வேகமாக ஏறாது. வயிறு உப்புசம்தான் மிஞ்சும். இவர்களுக்குக் குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். சுவை சேர்க்காத சாதாப் பொடி, மூன்று தேக்கரண்டி, ஏறக்குறைய 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில். அதுவும் இல்லாத வீட்டில் தேன் பரவாயில்லை, அதில் பிரிந்த குளுக்கோஸ் இருக்கிறது. கவுந்தப்பாடி போன்ற ஊரில் நாட்டுச் சர்க்கரை இல்லாத வீடு கிடையாது, அவசரத்துக்குக் கை அங்கேதான் போகும். ஆகவே கூட்டு மாத்திரை எழுதும்போதே அட்டையைத் திருப்பிக் காட்டி, "இதுல வாக்லிபோஸ் இருக்குதுங்க, சர்க்கரை இறங்குனா குளுக்கோஸ் பொடிதான்" என்று சொல்லி அனுப்ப வேண்டும். அகார்போஸுக்கும் இதே விதி.

சர்க்கரை ஏன் விழுந்தது

கணையத்தின் பீட்டா செல்லில் ஒரு பொட்டாசியம் வாயில் உண்டு. அது திறந்திருக்கும்வரை இன்சுலின் உள்ளேயே இருக்கும். சாப்பிட்டுச் சர்க்கரை ஏறினால் வாயில் மூடும், கால்சியம் உள்ளே புகும், இன்சுலின் வெளியேறும். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற சல்ஃபொனில்யூரியா மருந்துகள் இந்த வாயிலைச் சாப்பாடு வந்ததா இல்லையா என்று பாராமல் மூடுகின்றன. லெவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் முதலான ஃப்ளோரோகுயினலோன் வகை ஆன்டிபயாட்டிக்குகளும் அதே வாயிலின் இன்னொரு பகுதியில் உட்கார்ந்து அதை மூடக்கூடியவை. காளிங்கராயன் வாய்க்காலில் ஒரே மதகின் பலகையை இரு கரையிலிருந்தும் இருவர் அழுத்துவதுபோல் ஆகிவிடுகிறது. ஒருவர் கையை எடுத்தாலும் மற்றவர் விடுவதில்லை.

இந்த அம்மாவிடம் அதோடு நிற்கவில்லை. லெவோஃப்ளாக்சசின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். நல்ல சிறுநீரகத்தில் பாதி வெளியேற 6 முதல் 8 மணி நேரம். வடிதிறன் 20-க்கும் 49-க்கும் இடையே இறங்கியவரிடம் சராசரியாக ஒரு நாளைத் தாண்டிவிடும். அதனால்தான் அந்த நிலையில் முதல் நாள் 500 மி.கி., அடுத்த நாளிலிருந்து 250 மி.கி. என்று குறைக்க வேண்டும். இங்கே மூன்று நாளும் 500 போயிற்று. கிளிமிபிரைடின் செயல்படும் சிதைபொருளும் அதே சிறுநீரகத்தைத்தான் நம்பியிருக்கிறது. அசிக்ளோஃபினாக் அந்தச் சிறுநீரகத்தை மேலும் நெருக்கியிருக்கும். இவ்வளவுக்கும் மேல், செவ்வாய் இரவு வயிற்றில் மோர் மட்டும்.

மருத்துவ உலகம் இதை அறியாததல்ல. இதே குடும்பத்தின் கேட்டிஃப்ளாக்சசின் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கவும் ஏற்றவும் செய்ததை 2006-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து முதியவர்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. இந்தியாவில் 2011-ல் அந்த மாத்திரையும் ஊசியும் தடைசெய்யப்பட்டன. 2018 ஜூலையில் அமெரிக்க மருந்து நிர்வாகம், மீதமுள்ள ஃப்ளோரோகுயினலோன்கள் எல்லாவற்றின் எச்சரிக்கையிலும் இரண்டு விஷயங்களை வலுப்படுத்தச் சொன்னது. தாழ்சர்க்கரையால் வரும் மயக்கநிலை ஒன்று. பதற்றம், கிளர்ச்சி, குழப்பம், மறதி, கவனச் சிதறல் ஆகிய மனநிலைப் பாதிப்புகள் மற்றொன்று. இரண்டும் ஒரே அறிவிப்பில் வந்தது பொருத்தம். கட்டிலருகே இவற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் கடினம்.

படபடப்பின் இரண்டு வேர்கள்

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும்போது உடம்பு அட்ரினலினைக் கொட்டும். நடுக்கம், நெஞ்சுத் துடிப்பு, வேர்வை, பசி, காரணம் தெரியாத பயம் எல்லாம் அதன் வேலை. 54-க்குக் கீழே போனால் மூளை பட்டினியாகி, குழறல், குழப்பம், மயக்கம். முதல் கட்டம்தான் எச்சரிக்கை மணி. புதன்கிழமை எழுதப்பட்ட புரோப்ரனலால் அந்த மணியின் நாக்கைக் கட்டிவிட்டது: நடுக்கமும் துடிப்பும் மறைந்தன. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை விடுவதையும் அது தடுக்கும். வேர்வையை மட்டும் அதனால் மறைக்க முடியாது, அது வேறு நரம்பு வழியில் வருவது. பீட்டா பிளாக்கர் சாப்பிடும் சர்க்கரை நோயாளி இரவில் நனைந்து கிடந்தால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் சர்க்கரை பார்க்க வேண்டியது இதனால்தான். அல்பிரசோலமோ, குழறலுக்கு வேறொரு காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டது.

மற்றொரு வேர் ஆன்டிபயாட்டிக்கே. ஃப்ளோரோகுயினலோன்கள் மூளையைச் சாந்தப்படுத்தும் காபா ஏற்பிகளைத் தடுக்கின்றன. தூக்கமின்மை, பதற்றம், கெட்ட கனவு வரும். அசிக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சேர்ந்தால் இது கூடலாம், வலிப்புவரைக்கும் போகலாம். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மட்டும் இன்னொரு குணம் உண்டு: காஃபீனை உடம்பு வெளியேற்றுவதைத் தாமதப்படுத்தும். நாளைக்கு நாலைந்து காபி குடிப்பவர் அந்த வாரம் அதே நாலைந்தைக் குடித்தாலும் படபடப்பார்.

பிரித்தறிய ஒரே வழிதான். அறிகுறி இருக்கும் அந்த நிமிடத்தில் எண் 70-க்குக் கீழே, குளுக்கோஸ் கொடுத்துக் கால் மணியில் அடங்குகிறது என்றால் வேர் சர்க்கரை. எண் 120, 150 என்று இருந்தும், குளுக்கோஸ் கொடுத்தும் அடங்கவில்லை, இரவெல்லாம் தூக்கம் இல்லை என்றால் மருந்தின் நேரடி விளைவைச் சந்தேகிக்கலாம். இதயக் கோளாறையும் மறக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வலியில்லாமலும் வரும், அதற்கு ஈசிஜி எடுத்தது சரி. இந்த அம்மாவுக்கு இரண்டு வேரும் இருந்தன. சர்க்கரை நிலைபெற்ற பிறகும் இரண்டு இரவு தூக்கமில்லாமல், "யாரோ கூப்பிடறாங்க" என்று எழுந்து உட்கார்ந்தார். மருந்து உடம்பை விட்டுப் போனதும் அதுவும் நின்றது.

மருத்துவமனையில்

ஆம்புலன்ஸில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) 100 மி.லி. நரம்பு வழியே ஏற்றியதும், 15 நிமிடத்தில் எண் 148. நினைவு திரும்பியது, மகனை அடையாளம் கண்டார். ஈரோட்டில் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி 58.

"நல்லாப் பேசறாங்களே, வீட்டுக்குப் போலாமுங்களா" என்று குடும்பம் கேட்கும் நேரம் இதுதான், சல்ஃபொனில்யூரியா தாழ்சர்க்கரையில் ஒப்புக்கொள்ளக் கூடாத நேரமும் இதுதான். மாத்திரையின் வேலை 24 மணி நேரம் நீடிக்கும், சிறுநீரகம் குன்றியவரிடம் இரண்டு மூன்று நாள்கூட. பாட்டில் பாட்டிலாக ஏற்றும் குளுக்கோஸும் கணையத்தைத் தூண்டி, இன்னும் இன்சுலினை வரவழைத்து, மறுபடி இறக்கும். அந்தச் சுழலை அறுக்க ஆக்ட்ரியோடைடு 50 மைக்ரோகிராம் தோலடியில் போடப்பட்டது; அது இன்சுலின் சுரப்பையே நிறுத்திவைக்கும். ஆறு மணி நேர இடைவெளியில் மூன்று ஊசி. கூடவே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மணிக்கு 75 மி.லி., மணிக்கு ஒருமுறை சர்க்கரை, பொட்டாசியத்தின் மேல் ஒரு கண். வெள்ளி மாலை டிரிப் நின்றது. அதன் பிறகும் ஒரு முழு நாள் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள்.

சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் ஈ-கோலை என்ற பாக்டீரியா. லெவோஃப்ளாக்சசினுக்கு அது கட்டுப்படவில்லை. ஃபாஸ்ஃபோமைசினுக்கும் நைட்ரோஃபுரான்டோயினுக்கும் கட்டுப்பட்டது. ஆக, மூன்று நாள் போட்ட மருந்து கிருமியைத் தொடாமல் சர்க்கரையை மட்டும் இறக்கியிருக்கிறது. காய்ச்சலில்லாத, கீழ்ப்பாதையோடு நிற்கும் சிறுநீர்த் தொற்றுக்கு ஃப்ளோரோகுயினலோனை முதலில் எடுக்கக் கூடாது என்பது இதற்காகவும்தான். நைட்ரோஃபுரான்டோயின் 100 மி.கி. இரண்டு வேளை, ஐந்து நாள் என்பது பொதுவான வழி. இந்த அம்மாவின் சிறுநீரக அளவுக்கு அது சிறுநீரில் போதிய அளவு சேருமா என்ற ஐயம் இருந்ததால், ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொட்டலம் ஒரே ஒரு முறை, படுக்கும் முன், தண்ணீரில் கரைத்துக் கொடுக்கப்பட்டது.

கிளிமிபிரைடு நிறுத்தப்பட்டது. லினாக்லிப்டின் 5 மி.கி. தினம் ஒன்று, மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை. லினாக்லிப்டினுக்குச் சிறுநீரகத்தைப் பார்த்து அளவு குறைக்க வேண்டியதில்லை, தனியாகச் சர்க்கரையைத் தரைக்கு இறக்குவதும் அரிது. எச்பிஏ1சி இலக்கு 7-லிருந்து 7.5 என்று தளர்த்தப்பட்டது. புரோப்ரனலால், அல்பிரசோலம் இரண்டும் நின்றன. ஒரு நாள்தான் எடுத்தார் என்பதால் படிப்படியாகக் குறைக்கத் தேவைப்படவில்லை. முட்டி வலிக்குப் பாராசிட்டமால்.

இதே வேலையைச் செய்யும் மற்றவை

கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் இன்னும் ஆபத்தானது என்றே சொல்ல வேண்டும். அதிலுள்ள சல்ஃபாமெத்தாக்சசோல் கிளிமிபிரைடைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுக்கிறது, போதாததற்குத் தானும் சல்ஃபொனில்யூரியா போல நடந்துகொள்கிறது. பூஞ்சை அரிப்புக்கு எழுதும் ஃப்ளூகோனசோலும் அதே நொதியைத் தடுக்கும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், கிளிபென்கிளமைடு, ரிபாக்ளினைடு என்ற சர்க்கரை மாத்திரைகள் இரண்டின் அளவையும் ரத்தத்தில் ஏற்றும். லினிசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரையை இறக்கலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறு: சர்க்கரை மாத்திரையை வேகமாகச் சிதைத்து எண்ணை ஏற்றிவிடும், அதற்காகக் கூட்டிய அளவை, ரிஃபாம்பிசின் நின்றதும் குறைக்க மறந்தால் அப்போது விழும். பேதிக்கு எங்கும் கைநீட்டி வாங்கும் ஓஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் கூட்டு மாத்திரையும் ஃப்ளோரோகுயினலோன்தான். பேதியில் சாப்பாடும் தங்காது என்பதால் கிளிமிபிரைடு எடுப்பவருக்கு அது இரட்டை அடி. அமாக்சிசிலினிலும் பெரும்பாலான செஃபலோஸ்போரின்களிலும் இந்தத் தொல்லை குறைவு.

வீட்டிலும் மருந்துக் கடையிலும்

லெவோஃப்ளாக்சசின் எச்1 அட்டவணை மருந்து. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. விற்றால் எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவை எழுதும் அரை நிமிடத்தில் "சுகர் மாத்திரை போடறீங்களாங்க? என்ன மாத்திரை?" என்று கேட்டுவிடலாம். அட்டையில் கிளிமிபிரைடு போன்ற சல்ஃபொனில்யூரியா இருந்தால் மருத்துவரை ஒரு போன் அழைத்துக் கேட்பது நல்லது.

வேறு ஆன்டிபயாட்டிக் வழியே இல்லை என்னும் நிலையில், சல்ஃபொனில்யூரியாவின் அளவை அந்த நாட்களுக்குக் குறைப்பதா நிறுத்துவதா என்று எழுதியவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரையை மூன்று சாப்பாட்டுக்கு முன்னும் படுக்கும் முன்னும் பார்க்க வேண்டும். முதல் மூன்று இரவு, விடியற்காலை மூன்று மணிக்கும் ஒருமுறை. மருந்து முடிந்து இரண்டு நாள்வரை இது தொடர வேண்டும், சிறுநீரகக் குறை இருந்தால் இன்னும் சில நாள். சாப்பாடு இறங்காத வேளையில் கிளிமிபிரைடு உள்ள மாத்திரையைப் போட்டுவிட்டுப் பிறகு யோசிக்கக் கூடாது. 70-க்குக் கீழே வந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி குத்தல், ஏறவில்லை என்றால் இன்னொரு 15. ஏறிய பின் சோறோ இட்லியோ ஏதாவது ஒன்று. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108. சல்ஃபொனில்யூரியா எடுப்பவர் மயங்கியிருந்தால், தெளிந்த பிறகும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

ஒரு பாதிப்பு மருந்தால் வந்ததா என்று மதிப்பிடும் நரான்ஜோ அளவுகோலில் இந்த நிகழ்வுக்கு 4 புள்ளி, அதாவது "இருக்கலாம்" என்ற படி. பட்டினியும் சிறுநீரகக் குறையும் மாற்றுக் காரணங்களாக நிற்பதால் ஒரு புள்ளி குறைகிறது. எங்கள் கணிப்பில் அந்தக் காரணங்கள் மருந்துகளின் வினையோடு போட்டியிடவில்லை, அதற்குக் கைகொடுத்தன: பல மாதமாக இதே சிறுநீரகத்தோடு, இதே கிளிமிபிரைடோடு இருந்தவருக்கு மூன்றாம் நாள் விழுந்தது லெவோஃப்ளாக்சசின் நுழைந்த பிறகுதான். இத்தகைய நிகழ்வு, மருந்துகளின் பக்கவிளைவுகளைத் திரட்டும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் படிவத்தில் இரு மருந்துகளின் பெயர், அளவு, தொடங்கிய நாள், சர்க்கரை எண்கள், கிரியாட்டினின் ஆகியவற்றோடு பதிவுக்கு உரியது. படிவம் கையில் இல்லாதவர்கள், நோயாளியோ உறவினரோ ஆனாலும், 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம்.